மழைநீர்த் தூம்பிலிருந்து தொடங்கும் மரபுப் பாதுகாப்பு

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் உள்ளூர்க் குழு ஒன்றில் சேர வருகிறவர்கள், இடிக்க வந்த இயந்திரத்தின் முன் நிற்கும் உறுதியோடோ, மண்ணுக்குள் கிடக்கும் அரிய பொருள் ஒன்றைக் கண்டெடுக்கும் கனவோடோதான் பெரும்பாலும் வருகிறார்கள். அவர்களிடம் முதல் நாளன்று கையுறையையும் வாளியையும் கொடுத்து, மழைநீர் வடிகாலில் அடைத்துக் கிடக்கும் சருகுகளை அள்ளச் சொன்னால் முகம் சற்று வாடத்தான் செய்யும். இத்தகைய குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருந்துவரும் எனக்கு, அந்தச் சருகு அள்ளும் வேலைதான் மரபுப் பாதுகாப்பின் மையம் என்றும், நாங்கள் நடத்தும் விழாக்களும் நடைகளும் கண்காட்சிகளும் அந்த வேலைக்கு ஏதேனும் ஒரு விதத்தில் பயன்பட்டால் மட்டுமே அவற்றுக்குப் பொருள் உண்டு என்றும் தோன்றுகிறது. குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1877-இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது வெளியிட்ட அறிக்கையிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. நடுக்காலத் தேவாலயங்களில் பிற்காலத்தில் சேர்ந்தவற்றையெல்லாம் உரித்தெடுத்துவிட்டு, ஒருபோதும் இருந்திராத ஒரு ‘தூய’ வடிவத்தைப் புதிதாகச் செய்துவைப்பதையே சீரமைப்பு என்று அன்றைய கட்டடக் கலைஞர்கள் பலர் கருதிவந்தார்கள். அதற்கு மாற்றாக மோரிஸ் முன்வைத்தது மிக எளிமையான ஒன்று: அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகும் கூரையைச் செப்பனிடுங்கள். மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், நினைவுச்சின்னங்களைப் பேணுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இடத்தில், இடையறாத பராமரிப்பையே முதலில் வைக்கிறது. நெதர்லாந்தில் 1973-இல் தொடங்கப்பட்ட நினைவுச்சின்னக் கண்காணிப்பு அமைப்பு இதை நடைமுறையாக்கிக் காட்டியது. சந்தா செலுத்தும் உரிமையாளர்களின் பழைய கட்டடங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் தவறாமல் சென்று, கூரைமீது ஏறி, மரவிட்டங்களுக்கு நடுவே புகுந்து பார்த்து, சின்னஞ்சிறு பழுதுகளை அங்கேயே சரிசெய்து, மற்றவற்றை அறிக்கையாக எழுதிக் கொடுக்கிறார்கள். பெரிய செலவு வருமுன் சிறிய செலவைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு.

பழைய கட்டடங்களைக் கெடுப்பவற்றில் முதலிடம் தண்ணீருக்கே. ஓடு ஒன்று நகர்ந்தால் தண்ணீர் மரத்தின்மீது சொட்டுகிறது. ஈரம் தங்கிய மரத்தில் பூஞ்சையும் பூச்சியும் குடியேறுகின்றன. விட்டம் சுவரில் புதையும் முனை உளுத்துப்போகிறது. அந்த முனை வெளியே தெரியாததால், கூரை தாழத் தொடங்கிய பிறகுதான் மனிதர்கள் கவனிக்கிறார்கள். வடிகால் அடைபட்டு ஒரே இடத்தில் வழியும் நீரால் சுவரின் ஒரு பட்டை மட்டும் ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கும். அங்கே காரை உதிரும், உப்புப் பூக்கும், வெடிப்பில் செடி முளைக்கும். இவையெல்லாம் ஒரு வாளிச் சருகை உரிய காலத்தில் அள்ளாததன் விளைவுகளாகவே பல நேரங்களில் இருக்கின்றன. எனவே, பலத்த மழை பெய்யும்போதே கட்டடத்தைச் சுற்றிவர வேண்டும் என்பதை எங்கள் குழு வழக்கமாக வைத்திருக்கிறது. வெயில் நாளில் சுவரைப் பார்த்தால் கறைதான் தெரியும். மழையில் பார்த்தால் அந்தக் கறையை உண்டாக்கும் ஒழுக்கையே பார்த்துவிடலாம். ஏணி ஏறும் தகுதி எல்லோருக்கும் இருப்பதில்லை, இருக்கவும் தேவையில்லை. குடையும் தொலைநோக்கியும் குறிப்பேடும் இருந்தால், தரையில் நின்றபடியே நகர்ந்த ஓட்டையும் நிரம்பி வழியும் தூம்பையும் குறித்துக்கொள்ளலாம். முழங்கால் வலியுள்ள மூத்த உறுப்பினர்கள்தான் எங்களிடம் இந்த வேலையில் மிகவும் கைதேர்ந்தவர்கள்.

அடுத்து, சாந்து. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நாங்கள் நடத்தும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரை வைத்து நடத்தும் சுண்ணாம்புச் சாந்துப் பயிற்சிதான். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லின் வேதிப்பொருளாகவே மாறுகிறது. இந்த மாற்றத்திற்கு ஈரமும் பொறுமையும் வேண்டும். பூசிய இடத்தில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, வெயிலோ வறண்ட காற்றோ நேரடியாகப் படாமல் நாட்கணக்கில் காத்துவர வேண்டும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேற்பரப்பு மட்டும் இறுகி, உள்ளே மாவாகவே இருந்துவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சிமெண்டை வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று ஒவ்வொரு பயிற்சியிலும் யாரேனும் ஒருவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பழைய சுவர்கள் ஈரத்தை முற்றாகத் தடுப்பவை அல்ல, வாங்கி வெளியே விடுபவை. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லையும் கல்லையும் விட மென்மையானது, ஈரம் ஊடுருவ இடம் தருவது. எனவே சுவரின் ஈரம் இணைப்புகளின் வழியாக ஆவியாகிறது. அந்த ஈரத்தோடு வரும் உப்பு படிகமாகி எதையேனும் உடைத்தே தீருமென்றால், அது சாந்தைத்தான் உடைக்கிறது. சாந்தை மறுபடியும் பூசிக்கொள்ளலாம். அந்த இணைப்புகளைக் கெட்டியான சிமெண்டால் அடைத்துவிட்டால், ஈரத்துக்குச் செங்கல்லின் முகத்தைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது; உப்பு அங்கே படிகமாகிறது; சில ஆண்டுகளில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர, நடுவில் சிமெண்டு மட்டும் கம்பீரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு சிமெண்டைப் பற்றிக் கேட்பதில்லை.

நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கட்டடத்தைக் கெடுத்ததற்கு ஏதென்ஸ் நகரின் பழங்கோயிலான பார்த்தெனானை விடப் பெரிய சான்று இல்லை. பண்டைய கிரேக்கர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பற்றிகளால் பிணைத்தபோது, அந்த இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள்; துருப் பிடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலனோஸ் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் நடந்த சீரமைப்பில் அந்தக் காப்பு இல்லாமலே இரும்பு பயன்படுத்தப்பட்டது. இரும்பு துருப்பிடித்துப் பருத்து, இரண்டாயிரம் ஆண்டுகள் தாங்கிய பளிங்கைப் பிளந்தது. 1975-இல், அந்தக் கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கென அமைக்கப்பட்ட குழுவின் மேற்பார்வையில் நடந்த வேலைகளில் அந்தப் பற்றிகள் அகற்றப்பட்டு, டைட்டானியத்தால் ஆனவை பொருத்தப்பட்டன. எங்கள் பயிற்சியில் இந்தக் கதையைச் சொல்லாமல் யாரையும் கரண்டியைத் தொட விடுவதில்லை. தேவையான அளவுக்குச் செய், இயன்றவரை குறைவாகச் செய் என்ற கருத்தை ஆஸ்திரேலியாவில் 1979-இல் உருவான மரபுப் பாதுகாப்பு நெறிமுறையான பர்ரா சாசனம் வலியுறுத்துகிறது. தன்னார்வலருக்கு இது கசப்பான பாடம். விடுமுறை நாளைத் துறந்து வந்தவருக்கு, மாலையில் திரும்பிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும்படி ஏதேனும் மாறியிருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. கல்லைப் பளிச்சென்று ஆக்க வேண்டும், அதற்கு மணலை வேகமாகப் பீய்ச்சினால் போதும், செலவை நான் ஏற்கிறேன் என்று கொடையாளர் ஒருவர் முன்வந்தபோது, மணல் அழுக்கோடு உளித்தடத்தையும் கல்லின் மேல்தோலையும் சேர்த்தே சுரண்டிவிடும் என்று விளக்கி அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் செயலாளருக்கு இருந்த துணிவை நான் இன்றும் மதிக்கிறேன். அந்தக் கொடையாளர் அதன்பின் எங்கள் பக்கம் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பராமரிப்புக்கு இணையாக நான் வைக்கும் வேலை, பதிவுசெய்தல். வெனிஸ் சாசனத்தின் கடைசிப் பிரிவு முழுக்க இதைப் பற்றியதுதான்: செய்த வேலை ஒவ்வொன்றும் வரைபடங்களோடும் புகைப்படங்களோடும் அறிக்கையாக எழுதப்பட்டு, ஆய்வாளர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட வேண்டும். இதன் அருமை கட்டடம் இருக்கும்வரை தெரிவதில்லை. 1944-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பிறகு நாஜிப் படைகள் போலந்தின் தலைநகர் வார்சாவைத் திட்டமிட்டுத் தகர்த்தபோது, பழைய நகரத்தில் பெரும்பகுதி செங்கல் குவியலாயிற்று. போருக்குப் பின் அதை மீண்டும் எழுப்ப உதவியவற்றுள், கனலெட்டோ என்றும் அறியப்பட்ட பெல்லோட்டோவின் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்பே வீடுவீடாக அளந்து வரைந்துவைத்திருந்த தாள்கள் இல்லாமல், வெறும் ஓவியங்களை வைத்து ஒரு மாடிப்படியைக்கூட எழுப்பியிருக்க முடியாது. பாடப் பயிற்சிக்காக நாடாவைப் பிடித்த அந்த மாணவர்கள் எதற்காக அளக்கிறோம் என்று சலித்திருக்கவும் கூடும். அந்தத் தாள்கள் போர்க்காலத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றப்பட்டன. மீட்டெழுப்பப்பட்ட நகரம் 1980-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் ஓக் மரக் கூரைச் சட்டகம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து சாம்பலானபோதும் இதே கதைதான்: இரண்டு கட்டடக் கலைஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே, 2014-இல், அந்தச் சட்டகத்தைக் கட்டை கட்டையாக அளந்து வரைந்திருந்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டபோது அதன்மீது இருந்த கூரை, அந்த அளவுகளின்படி மீண்டும் செதுக்கப்பட்ட ஓக் மரங்களால் ஆனது.

எங்கள் அளவெடுப்பு நாட்கள் இத்தனை பெருமைக்குரியவை அல்ல. ஒருவர் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையில் அளவைச் சத்தமாகச் சொல்ல, மூன்றாமவர் எழுதுவார். அறையின் நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் போதாது, மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய அறைகளில் மூலைமட்டம் சரியாக இருப்பது அரிது, நான்கு பக்கங்களை மட்டும் நம்பி வரைந்தால் தாளில் அது நேர்ச்சதுரமாகப் பொய் சொல்லும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டால் சுவரின் சாய்வு தெரியும். புகைப்படம் எடுக்கும்போது அளவுகோல் ஒன்றைப் படத்துக்குள் வைத்து, எந்தத் திசை நோக்கி எடுத்தது, என்றைக்கு எடுத்தது, எடுத்தவர் யார் என்று அன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட படங்கள் எந்தச் சுவருடையவை என்று பின்னர் யாருக்கும் தெரிவதில்லை. இப்போது கைபேசியிலேயே முப்பரிமாணப் பதிவு எடுக்கும் வசதி வந்துவிட்டது. இளைஞர்கள் அதை ஆர்வத்தோடு செய்கிறார்கள், நானும் வரவேற்கிறேன். ஆயினும் நாடா பிடித்து அளந்தவர் சுவரில் கைவைத்துப் பார்த்திருப்பார். பூச்சுக்கு அடியில் மூடப்பட்ட பழைய வாயிலின் விளிம்பு எங்களிடம் அப்படித்தான் அகப்பட்டது.

இனி, நிகழ்ச்சிகள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களை ஒரு நாள் திறந்துவிட்டு மக்களை உள்ளே அழைக்கும் வழக்கத்தை 1984-இல் பிரான்ஸ் நாட்டின் பண்பாட்டு அமைச்சகம் தொடங்கி, 1991 முதல் அது ஐரோப்பிய மரபு நாட்களாக விரிந்தது. ஏப்ரல் 18-ஐ நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு நாளாக யுனெஸ்கோ 1983-இல் ஏற்றுக்கொண்டது. எங்களுடையதைப் போன்ற குழுக்கள் பெரும்பாலும் இத்தகைய நாட்களை ஒட்டியே தங்கள் நிகழ்ச்சிகளை அமைத்துக்கொள்கின்றன. திறந்த நாளில் வேலை காலையில் தொடங்குவதில்லை. எந்த மாடியில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்று பொறியாளரிடம் கேட்டு, படிக்கட்டின் தொடக்கத்தில் எண்ணி அனுப்ப ஒருவரை நிறுத்தி, தளர்ந்த கைப்பிடிகளைக் கயிறு கட்டி மறித்து, சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எதுவரை செல்ல முடியும் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆள் கிடைப்பது கடினம். மேடையில் பேச மட்டும் எப்போதும் ஆள் கிடைக்கும். தொடக்க உரைகள் நீண்டு, உள்ளே பார்க்க வந்த குழந்தைகள் வாசலில் வெயிலில் நிற்பதைப் பார்த்துச் சலித்துப்போய், இப்போது உரைகளையே எடுத்துவிட்டோம். யாரும் குறைசொல்லவில்லை, உரையாற்ற இருந்தவர்களைத் தவிர.

நிகழ்ச்சிகளில் நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லும் நாளைத்தான் வைத்துக்கொள்வேன். முதல் உலகப் போர் தொடர்பாகப் பொதுமக்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்த கடிதங்கள், படங்கள், நினைவுப்பொருள்கள் ஆகியவற்றின் பதிவுகளை 2008-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் சில மாதங்களிலேயே 6,500-க்கும் மேல் திரட்டியது. பொருளை உரியவரே வைத்துக்கொள்வார், பதிவு மட்டும் பொதுவாகும் என்பதுதான் அதன் வெற்றிக்குக் காரணம் என்பேன். நாங்களும் அதையே செய்கிறோம். வருகிறவரின் கண்ணெதிரே படத்தை ஸ்கேன் செய்து, அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தருகிறோம் என்று சொன்னால், குடும்பப் படத்தை எவரும் தரமாட்டார், தராததே நியாயம். யார் எடுத்தது, படத்தில் இருப்பவர்கள் யார், இதை வெளியிட இசைவு உண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம்.

இதில் வியப்பு என்னவென்றால், கட்டடத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று எடுத்த படங்களை விட, கட்டடத்தைக் கவனிக்காமலே எடுத்த படங்கள்தான் எங்களுக்கு அதிகம் பயன்படுகின்றன. திருமணத்தன்று படியில் நின்ற குடும்பத்தின் பின்னால், இன்று இல்லாத ஒரு மரச்சன்னல் தெரியும். பள்ளிக் குழுப்படம் ஒன்றின் ஓரத்தில், எந்தக் காலத்தில் சேர்க்கப்பட்டது என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்த தாழ்வாரம் இருக்காது; அந்த ஒரு படமே வாதத்தை முடித்துவிடும். வெனிஸ் சாசனம், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. ஒரு குடும்பத்தின் படப்பெட்டி அந்த எல்லையைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. படத்தைக் காட்டும்போது பேச்சும் தானாக வரும். நேர்காணல் என்று ஒலிப்பதிவுக் கருவியை முன்னே வைத்தால் எல்லாரும் ஏட்டில் படித்த வரலாற்றைச் சொல்கிறார்கள். படத்தைக் கையில் கொடுத்தால், மழைக்காலத்தில் எந்த அறையில் பாத்திரம் வைப்போம் என்று சொல்கிறார்கள். கூரை எங்கே எப்போதும் ஒழுகிவந்தது என்பதை முன்னாள் காவலாளி ஒருவரின் இத்தகைய பேச்சிலிருந்துதான் அறிந்தோம். வரைபடத்தில் குறித்து, பிரித்துப் பார்த்தபோது விட்டம் அங்கேதான் உளுத்திருந்தது.

மரபு நடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக 2007-இல் டொரண்டோவில் தொடங்கிய நடைகளில், வல்லுநரல்லாத குடிமக்களே வழிநடத்தித் தாம் அறிந்ததைச் சொல்கிறார்கள். அந்த முறை நல்லது. ஒருவரே ஒலிபெருக்கியில் ஆண்டுகளை ஒப்பிக்கும் நடைகளில் நான் இப்போது கலந்துகொள்வதில்லை.

ஆர்வத்திற்கும் வேலைக்கும் உள்ள உறவைப் பற்றி யோசிக்கும்போது எனக்குப் புளோரன்ஸ் நினைவுக்கு வருகிறது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரைபுரண்டு தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களைச் சேற்றால் நிரப்பியபோது, பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்து, வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நூல்களை வெளியே எடுத்தார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த நூல்களைத் துவட்டி, தாள் தாளாகப் பிரித்து, மீண்டும் தைத்துக் கட்டும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. அதைச் செய்தவர்களுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. எங்களிடமும் இடிப்பு ஆணை பற்றிய செய்தி வந்தால் மண்டபம் நிரம்புகிறது, தடை கிடைத்த மாதத்திலேயே பாதி இருக்கைகள் காலியாகின்றன. இதற்காக முன்பெல்லாம் வருத்தப்படுவேன். இப்போது, வந்தவர்களில் யாருக்கு நாடா பிடிக்கும், யாருக்குக் கோப்பு ஒழுங்கு பிடிக்கும், யாருக்கு மண்வெட்டி பிடிக்கும் என்று அன்றே கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த வாரமே அதே வேலைக்கு அழைக்கிறோம். பொதுவாக ‘வாருங்கள்’ என்றால் யாரும் வருவதில்லை. ‘வடக்குச் சுவரின் படங்களுக்குப் பெயர் எழுத இரண்டு மணி நேரம் வேண்டும்’ என்றால் வருகிறார்கள்.

தற்போது குழுவுக்குள் ஒரு வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் பேணும் கட்டடத்தின் பின்புறத்தில் பிற்காலத்தில் ஒட்டவைத்த, அழகு என்று யாரும் சொல்லத் துணியாத, தட்டைக் கூரை போட்ட அறை ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டால் முதல் காலத்து முகப்பு முழுமையாகத் தெரியும் என்கிறார்கள் பாதிப் பேர். எல்லாக் காலத்தின் சேர்க்கைகளும் மதிக்கப்பட வேண்டும் என்ற வெனிஸ் சாசனத்தின் விதியைப் பிடித்துக்கொண்டு நானும் மறுபாதியும் நிற்கிறோம். புகைப்பட நாளில் வந்த படங்களில் அந்த அறையும், அதன் வாசலில் பிள்ளைகள் படிக்க உட்கார்ந்திருப்பதும் திரும்பத் திரும்ப இருப்பதைக் காட்டியபோது எதிர்த்தரப்பில் சிலர் அமைதியானார்கள், வேறு சிலர் அது உணர்ச்சியே தவிர வாதமில்லை என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் சாரம் உண்டு: அந்தத் தட்டைக் கூரையில் தேங்கும் நீர்தான் பழைய சுவருக்குள் இறங்குகிறது. கூரையை மட்டும் சரிவாக மாற்றி அறையை வைத்துக்கொள்ளலாமா என்று பொறியாளரிடம் கேட்டிருக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும். முடிவு எதுவானாலும் அதற்குள் அறையை முழுதாக அளந்து வரைந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் உடன்பாடு இருப்பதால், வரும் விடுமுறை நாட்களில் நாடாவின் ஒரு முனையை நானும் மறுமுனையை அதை இடிக்கச் சொல்கிற நண்பரும் பிடிக்கப்போகிறோம்.